வாள் மேல மூணு பொட்டு

சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு நெவார்க்ல ஃபிளைட் ஏறுனேன். டிக்கெட் நூத்தித் தொண்ணூறு டாலர். நான் ஜெர்சி சிட்டி ஹோட்டல் ஒண்ணுல தோசை ஊத்துறவன், டெக்சாஸ் பக்கம் போனதே இல்ல. அங்க ரவுண்ட் ராக்ல இருந்த அண்ணன் வாடா வாடான்னு கூப்புட்டுட்டே இருந்தான். இப்ப அவன் இல்லாதப்ப போறேன்.

போன மாசம் ஃப்ரீவேல ட்ரக் இடிச்சு அண்ணன் செத்துட்டான். மூடுன பெட்டியாத்தான் கரூருக்குப் போனான். அவன் ரூம்மேட் பிரவீண் அண்ணா வீடியோ கால்ல சாமானெல்லாம் காட்டுறப்ப ஒரு வாள் தெரிஞ்சுச்சு, அதுல செவப்பாக் கறை. சண்டைல வெட்டுப்பட்டுத்தான் செத்திருக்கான், எல்லாருமா மறைக்கறீங்கன்னு அம்மா ஒரே புடி. கம்ப்யூட்டர் வேலை பாத்தவனுக்கு வாள் எதுக்குன்னு எனக்கும் புரியல. பாத்துட்டு வந்து சொல்றேன்னு கெளம்பிட்டேன்.

ஆஸ்டின்ல எறங்குறப்ப வாட்ச்ல பதினொண்ணு, போன்ல பத்து. எது நெசம்னு கொஞ்ச நேரம் கொழம்புனேன். பிரவீண் அண்ணா கார்ல முப்பது மைல். ஒரு எடத்துல அவரே பாட்ட நிறுத்துனாரு. இங்கதானான்னு நான் கேக்கல.

பதினொண்ணரை மணிக்கு, வாளோட என்னை அண்ணன் வாள் கத்துக்கிட்ட ஷெட்டுல எறக்கி விட்டாரு. உள்ள பத்து பேர் முகமூடி மாட்டி வாள் வீசிட்டு இருந்தாங்க. பழைய ஜெர்மன்காரங்க வித்தையாம். அண்ணன் கூட வாள் பழகுன நித்யா அக்கா வந்தாங்க. மெட்ராஸ்காரங்க, பல் டாக்டர். வாளத் தொட்டுப் பாத்தேன். எங்க தோசைத் திருப்பி இதைவிடக் கூரா இருக்கும். கறை ரத்தம் இல்ல, துரு. வரிசையா வட்டமா மூணு.

"ஆயுத பூஜைக்கு ஈரக் குங்குமப் பொட்டு வெச்சு அப்படியே விட்டுட்டான், துருப்புடிச்சிருச்சு. கோச் கிட்ட செம திட்டு"ன்னாங்க அக்கா. "அன்னிக்கு கிளாஸுக்கு வந்துட்டு வாளத் தொடமாட்டேன்னு ஓரமா உக்காந்துட்டான்டா."

அண்ணன் இத வெச்சு என்னதான் பண்ணுவான்னு கேட்டேன். எனக்கும் முகமூடி, தடியான கிளவுஸ் எல்லாம் மாட்டி விட்டாங்க. ஒருத்தன் கையத் தூக்கிட்டு மேல பாஞ்சு வந்தா, அவன் முன்னங்கைக்குக் கீழ வாள வெச்சு அழுத்தணும், அப்புடியே வாளத் திருப்பி மேலருந்து தள்ளணும். ஓங்கி வெட்டக் கூடாது. அக்கா பாஞ்சு வந்தாங்க, நான் பின்னாடி ஓடுனேன். மறுபடியும் ஓடுனேன்.

"உங்கண்ணனும் மூணு மாசம் இப்படித்தான் ஓடுனான். பின்னாடி போனா அடி விழும். கிட்ட வா."

மூணாவது தடவ கண்ண மூடிட்டு முன்னாடி போனேன். வாள் அவங்க கைமேல உக்காந்துச்சு. அவங்களால அசைய முடியல.

"பாஞ்சு வர்ற ட்ரக்குக்குக் கையே இல்லையேக்கா, என்ன பண்றது?"

அவங்க முகமூடியக் கழட்டல. அப்புறம் எண்ணெய்த் துணி எடுத்துத் துருவத் தேய்க்கப் போனாங்க. வேண்டாங்கக்கான்னு வாங்கிட்டேன்.

சாயங்காலம் எட்டு மணி, ஊர்ல காலைல ஆறரை. வாள நீளப் பெட்டில செக்-இன் பண்ணிட்டு ஏர்போர்ட்லருந்து கூப்புட்டேன். யாரையாச்சும் வெட்டுனானான்னுதான் அம்மா மொதல்ல கேட்டாங்க. இல்லம்மா, மேல வந்து விழறவன் கைய அழுத்தி நிறுத்துவான், அவ்வளவுதான்னேன். கறையப் பத்திச் சொன்னேன்.

"பொட்டா வெச்சான்?"

"மூணும்மா. அன்னிக்கு அதத் தொடவே இல்லையாம்."

எங்க வீட்டுல அப்பா லேத் மெஷினுக்கும் மூணு பொட்டுதான் வெப்பாரு.

"அப்ப லாரிதானாடா சாமி"ன்னாங்க.

ஆமாம்மான்னேன். அதுக்கப்புறம்தான் அழ ஆரம்பிச்சாங்க. நியூஜெர்சி ஃபிளைட்டுக்கு ரெண்டு தடவ கூப்புட்டாங்க, நான் போன வெக்கல.