ஆமோஸ் வாசிச்ச வெள்ளிக்கிழமை

சகோதரங்களே, முதல்லையே சொல்லிப்போடுறன். எனக்கு உடம்பு வருத்தமும் மாறேல்லை, விசாக் கார்ட்டும் கிடைக்கேல்லை. அப்பிடிச் சாட்சி கேக்க வந்தாக்கள் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ.

போன மாரிக்காலம். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவிலை ஒரு சாப்பாட்டுக் கடையிலை நான் பரிமாறுறனான். குசினியிலை டெனிஸ் அண்ணை, மன்னார் ஆள். வடைத் தாச்சி சரிஞ்சு கொதி எண்ணெய் அவற்றை வலக்கையிலை ஊத்துண்டுபோச்சு. முதலாளி ஆசுப்பத்திரி வாசல்லை இறக்கிவிட்டிட்டு, "வீட்டை சமைக்கேக்கை பட்டது எண்டு சொல்லு" எண்டாராம். ஏனெண்டா அண்ணையை வேலையிலை பதியவே இல்லை. அண்ணையும் பயத்திலை அப்பிடியே சொல்லிப்போட்டார். விரல் மடங்காது. வேலையும் போச்சு.

பகிடி என்னெண்டா, அந்த முதலாளிதான் எங்கடை செபக்கூட்டத்துக்குத் தலைவர். கடைக்கு மேலை அவற்றை வீடு, அங்கைதான் வெள்ளிக்கிழமை கூட்டம். அவர் பாடினா நகரத்துக்கு வெளியிலை கிடக்கிற சார்செல்லுக்கே கேக்கும்.

தொழிற்சங்கத்திலை போய்க் கேட்டன். கடையிலை நடந்ததெண்டு சொல்ல, கண்ட ஆள் ஒராள் வேணுமாம். நான் அந்த நேரம் வெளியிலை மேசை துடைச்சுக்கொண்டு நிண்டனான். குசினியிலை நிண்டவை, "எங்களை இழுக்காதை தம்பி" எண்டிட்டினம். எனக்கு விசர் வந்திட்டுது. மெத்ரோவிலை நிண்டுகொண்டே செபிச்சன்: "ஆண்டவரே, நீரும் முதலாளியின்ரை ஆளோ? ஒரு வாயைத் திறவும். ஒண்டு போதும்."

எங்கடை கூட்ட வழக்கம் தெரியும்தானே. கண்ணை மூடி பைபிளைத் திறந்து விரல் வைக்கிற இடம்தான் அண்டைக்கு ஆண்டவர் தாற வாக்கு. எல்லாற்றையும் திருப்பாடல்லைதான் திறக்கும், அந்தப் பக்கம் தேய்ஞ்சு கிடக்கு. என்ரை பைபிளை நான் ஒருநாளும் திறந்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை என்ரை முறை வந்துது. அது ஆமோஸ் எண்ட இறைவாக்கினரின்ரை புத்தகத்திலை திறந்துது. அவர் ஆரெண்டும் தெரியாமல் வாசிக்கத் தொடங்கினன். உங்கடை திருவிழா எனக்கு அருவருப்பு, பாட்டுச் சத்தத்தை நிப்பாட்டுங்கோ, நீதி ஆறு மாதிரி ஓடட்டும் எண்டு ஆண்டவர் ஏசுறார்.

"தம்பி, அது பழைய ஏற்பாடு. வேறை இடம் எடும்" எண்டார் முதலாளி.

"விரல் வைச்சாச்சு அண்ணை. மாத்தக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அதுக்கு மேலை கிடந்ததையும் வாசிச்சன். ஏழையை மிதிக்கிறியள், உண்மை சொல்லுறவனை உங்களுக்குக் கண்ணிலையும் காட்டேலாது எண்டு.

முதலாளியின்ரை மனுசி மலர் அக்கா எழும்பினா. கடைக் கல்லாவிலை இருக்கிறவ.

"டெனிஸின்ரை கை எரிஞ்சது எங்கடை குசினியிலைதான். நான்தான் தண்ணி ஊத்தினனான். எங்கை வந்தும் சொல்லுவன்."

"உனக்கென்ன, விசரே?" எண்டார் முதலாளி.

"ஓம்" எண்டா அக்கா.

சொன்ன மாதிரியே தொழிற்சங்கத்துக்கு வந்து சொன்னா. வேலையிலை நடந்த விபத்தெண்டு காப்புறுதிக்காரர் ஏத்துக்கொண்டிட்டினம். டெனிஸ் அண்ணைக்கு இப்ப பொபினி ஆசுப்பத்திரியிலை கைக்குப் பயிற்சி குடுக்கினம். ரெண்டு விரல் மடங்குது. மற்றதுகள் இன்னும் இல்லை.

முதலாளி இப்பவும் கூட்டம் நடத்துறார். எனக்கு அங்கை இடமில்லை, கடையிலையும் இல்லை. என்ரை கோவம் போகேல்லை, பொய் சொல்லமாட்டன். ஆனால் முந்திச் செபத்துக்கு வந்து எல்லாரையும் நக்கலடிச்ச நான், இப்ப ஆமோஸ், மீக்கா, எசாயா எண்டு குந்தியிருந்து வாசிக்கிறன். அவையள் எங்கடை தெருவைப் பாத்துத்தான் பேசியிருக்கினம். ஆண்டவருக்குக் கோடி நன்றி.

நீங்களும் கேளுங்கோ. கோவத்தோடையே கேளுங்கோ, அவர் கோவிக்கமாட்டார். பதில் வரும். என்ன, அந்தப் பதில் உங்கடை வீட்டுக்குள்ளையே எழும்பி நிண்டா, பிடிச்சு இருத்திப்போடாதேங்கோ.