இடுப்பில் கட்டிய குரல்

கத்தாமல் கணக்குப் படிப்பித்த வாத்தியார் இந்த நாட்டில் ஆராவது இருந்தால் சொல்லுங்க, போய் விழுந்து கும்பிடுறன். கொக்கட்டிச்சோலைப் பக்கம், தகரக் கொட்டில் பள்ளிக்கூடத்தில், ஓ.எல். வகுப்பு அறுபது பேருக்கு நான் ஒருத்திதான் கணக்கு டீச்சர். சண்டைக்காலம், வாவி தாண்டி அந்தப் பக்கம் வர வேறு ஆளில்லை. பிள்ளைகள் சோதனை எழுத எட்டு மாதம் இருக்க, தொண்டை டொக்டர் கையை விரித்துவிட்டார். இனிக் கத்தினால் குரல் போய்விடும், டவுனுக்கு மாற்றம் எடுங்க என்றார். நான் போனால் அந்தப் பிள்ளைகளின் கதி? அப்படித்தான் மைக் கட்டினேன். தொண்டை கட்டிய சக டீச்சர்மாரே, கேளுங்க.

காத்தான்குடிக் கடை

வெளிநாட்டுச் சாமான் விற்கிற முஸ்லிம் நானா ஒருவரிடம் அது கிடைத்தது. சோத்துப்பெட்டி அளவில் ஒரு ஸ்பீக்கர். அதை பெல்ட்டால் இடுப்பில் கட்டி, மைக்கைக் காதில் மாட்டி, வயரை ஓட்டையில் குத்த வேணும். ஓட்டை இரண்டு. நான் பிழையானதில் குத்திப்போட்டு "ஹலோ, ஹலோ" என்று கத்துறன், சத்தமே இல்லை. நானா மாற்றிக் குத்தினார். மைக் காதிலிருந்து கழன்று பெட்டிக்கு நேரே தொங்கினதில், அது போட்ட கூச்சலுக்குத் தெருவில் நின்ற ஆடு மிரண்டு கடைக்குள் ஏறிவிட்டது. ஆட்டைத் துரத்திக்கொண்டே நானா சொன்னார்:

"மைக்கும் பெட்டியும் ஆளையாள் பார்க்கப்படா டீச்சர், மாமியும் மருமகளும் மாதிரி தள்ளித் தள்ளி வெச்சிக்கங்க!"

வவுணதீவுச் சாவடி

என் புத்தியைப் பாருங்க! கை நிறையக் கொப்பி என்று, பெட்டியை வீட்டிலேயே இடுப்பில் கட்டி, மேலே சாறியைச் சுற்றிக்கொண்டு ஆமிச் சோதனைச் சாவடிக்கு வந்துவிட்டேன். அந்தக் காலத்தில், இடுப்பில் பெட்டியும் வயரும்! சோதித்த ஆமிக்காரப் பெண்ணின் கை அதில் பட்டதுதான் தாமதம், பாய்ந்து விலகினாள். வரிசையில் நின்ற சனம் அப்படியே நிலத்தில் படுத்துவிட்டது. நாலு துவக்கு என் பக்கம் திரும்பியது. கை இரண்டையும் தூக்கிக்கொண்டு "டீச்சர், டீச்சர்" என்றேன். இன்றோடு சரி என்றே நினைத்தேன்.

ஒரு அதிகாரி தூரத்தில் நின்று, பெட்டியைக் கழற்றி, சுவிட்சைப் போட்டுப் பேசிக் காட்டச் சொன்னார். போட்டேன். பயத்தில் வாயில் வந்தது ஒன்றே ஒன்று: "முக்கோணியின் அகக்கோணங்களின் கூட்டுத்தொகை நூற்றெண்பது பாகை!" சாவடி முழுக்கக் கேட்டது. படுத்திருந்த சனம் படுத்தபடியே சிரித்தது. குண்டு செய்ய உதவும் என்று அந்தப் பக்கம் பற்றரி கொண்டுபோகத் தடை இருந்ததால், ஆறு பற்றரியையும் கழற்றி எடுத்துக்கொண்டு அதிகாரி சொன்னார்:

"மெஷின் போகலாம் மிஸ், பற்றரி ஏலாது. நூற்றெண்பது சரி, எங்கட ஸ்கூல்லயும் அதுதான்."

சைக்கிள் கறண்ட்

பற்றரி இல்லாத மைக்கை வைத்து என்ன செய்ய? பள்ளிக்கூடக் காவலாளி தன் ரேடியோவுக்குச் செய்கிற வித்தையையே எனக்கும் செய்து தந்தார். சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுற்றினால் டைனமோ ஓடும், அதிலிருந்து வயர் என் இடுப்புக்கு. வயர் எட்டுகிற தூரம்தான் என் நடை. வீட்டுக்கணக்குச் செய்யாதவர் பெடல் சுற்ற வேணும் என்று சட்டம் போட்டேன். புவனா என்ற பிள்ளைதான் நாளாந்தம் சுற்றினாள். ஒருநாள் பார்த்தால் அவளுடைய கணக்கு எல்லாம் சரி! அப்படியிருந்தும் நேரே சைக்கிளடிக்குப் போகிறாள். என்ன புள்ள என்று கேட்டேன்.

"மத்தாக்கள் சுத்தினா உங்கட குரல் விக்குது டீச்சர், எனக்குத்தான் கைப்பழக்கம்."

சங்கிலி அறுந்த நாள்

சோதனைக்கு இரண்டு நாள்தான். திரிகோண கணிதம் பாதியில் கிடக்க, சைக்கிள் சங்கிலி அறுந்துபோனது. டொக்டர் சொன்னது நினைவிருந்தது, ஆனால் அறுபது முகமும் என்னையே பார்க்குது. வாறது வரட்டும் என்று கத்தத் தொடங்கினேன். மூன்றாவது வசனத்தில் குரல் பிளந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. புவனா எழும்பி, "கத்தாதீங்க டீச்சர், மெதுவாச் சொல்லுங்க" என்றாள். காதோடு கதைக்கிற குரலில் தொடங்கினேன். இரண்டு மணித்தியாலம், வகுப்பில் ஒரு இருமல்கூட இல்லை. பாடம் முழுக்க முடிந்தது. சந்தோசமும் கோபமும் ஒன்றாக வந்தது எனக்கு. அடேய், எட்டு மாதமும் இப்படிச் சத்தம் போடாமல் இருந்திருக்கலாமே என்று கேட்டேன். புவனாதான் பதில் சொன்னாள்:

"முதல்ல நீங்க கத்தினீங்க, மறுகா மைக் கத்திச்சி. நாங்க கதைச்சிட்டு இருக்கக்குள்ளயும் பாடம் கேட்டதுதானே டீச்சர், அதான் கதைச்ச நாங்க."

ஓய்வு பெறும்வரை அதே கொட்டிலில் அந்த மெல்லிய குரலிலேயே படிப்பித்தேன். பிள்ளைகள் எல்லாரும் பாசானார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன், என் தொண்டை பாஸ்.