கல்யாணப் படங்களுக்குப் பின்னால் நின்ற பதில்

தொலைபேசிமேல் சிவப்புத் துணி விழுந்துவிட்டால் எங்கள் ஆஸ்பத்திரியில் யாரும் ரிசீவரைத் தொடக் கூடாது. இன்டர்நெட் ஓடுகிறது என்று அர்த்தம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு ஒரே லைன், ஒரே மெயில் பெட்டி. டாக்டருக்கும் அதுதான், மருந்துக் கடைக்கும் அதுதான், பதிவு மேசையில் இருந்த எனக்கும் அதுதான். அதைக் கட்டி மேய்த்தவர் கம்ப்யூட்டர் மேடம். புதுப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கடிதங்களை நாங்கள் முன்கூட்டியே அடித்து வைத்துவிட வேண்டும். அவர் இணைப்பைப் போட்டதும் எல்லாம் சேர்ந்து போகும். படம் அனுப்புகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "பிள்ளையார் படத்தப் பத்து பேருக்கு அனுப்பலன்னா சாமி கோச்சிக்காது. அனுப்பினா நான் கோச்சிப்பேன்" என்பார்.

ஒரு நாள் காலை ஒரு மீனவரைத் தூக்கி வந்தார்கள். அலை புரட்டிய படகு கழுத்தில் மோதியிருந்தது. நினைவு இருந்தது, விரல்கள் மட்டும் மரத்துப்போயிருந்தன. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டருக்குச் சந்தேகம். எலும்பு எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று தெரியாமல் சென்னைக்கு வண்டியில் ஏற்றினால், வழியில் ஒரு குலுக்கல் போதும். அங்கிருந்த எலும்பு நிபுணரைப் போனில் பிடித்தார். "படத்த மெயில்ல போடுங்க, குறி போட்டுத் திருப்பி அனுப்புறேன். நான் ஆபரேஷனுக்குப் போறதுக்குள்ள வரணும்" என்றார் அவர்.

டாக்டரின் கேமராவில் எடுத்த படம் பெரியது. பாதி போவதற்குள் லைன் அறுந்தது. மேடம் மறுபடி போட்டார், மறுபடியும் அறுந்தது. மீனவரின் மனைவி வாசலில் நின்று, "இன்னா மேடம், இன்னும் போவலியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மேடம் திரும்பவில்லை. படத்தில் கழுத்துப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்தார், நிறத்தை நீக்கினார், படத்தைச் சுருக்கினார்.

"எலும்பு தெரியுதா சார்?"

"தெரியுது. அனுப்புங்க."

திரையில் அந்த நீலப் பட்டை ஊர்ந்தது. நாங்கள் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். போய்ச் சேர்ந்தது!

ஆனால் பதில் இறங்கவில்லை. முதல் கடிதத்திலேயே எல்லாம் நின்றது. மேடம் அதை நிறுத்திவிட்டு, அனுப்பியவர்களின் பெயர்களை மட்டும் வரவழைத்துப் பார்த்தார். பூதம்போல ஒரு கடிதம் வழியை அடைத்திருந்தது. அதன் பின்னால் நின்றது நிபுணரின் பதில்.

"சார், அமெரிக்காவுலேர்ந்து உங்க தங்கச்சி. கல்யாண போட்டோ. இத அழிச்சாதான் அடுத்தது வரும்."

டாக்டரால் போக முடியாமல் போன கல்யாணம் அது. அவர் யோசிக்கவே இல்லை. "அழிச்சிடுங்க."

அடுத்த நிமிடம் எக்ஸ்ரே திரும்பி வந்தது, விரிசலின்மேல் ஓர் அம்புக்குறியோடு. கழுத்தின் இருபுறமும் மணல் மூட்டை வைத்து, தலையைத் தூக்காமல் கொண்டுவரச் சொல்லியிருந்தார். நிபுணர் சொன்னபடியே மீனவரைக் கிடத்தி வண்டியை அனுப்பினோம்.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் ஸ்கேன் படம் கண்ணிமைப்பதற்குள் போய்விடுகிறது. அது போவதை நின்று பார்க்க யாரும் இல்லை.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்து அந்த மீனவர் மனைவியோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்தார். "மேடத்துக்குக் கழுத்தத் திருப்பிக் காட்டுய்யா" என்றார் மனைவி. அவர் கூச்சத்தோடு இடப்பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தார். வலப்பக்கம் திரும்பி எங்களைப் பார்த்தார். மேடம் நாற்காலியை விட்டு எழுந்து, "இன்னொரு வாட்டி" என்றார்.