கயிறு கட்டி வந்த டகோட்டா

போன வாரம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு டகோட்டா வந்து இறங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏது விமான நிலையம் என்கிறீர்களா? இல்லைதான். அதுதான் பிரச்னையே.

புதிதாகப் படிப்பவர்களுக்காக... நான் பழைய புரொப்பல்லர் விமானங்களின் படம் போட்ட போஸ்ட்கார்டு சேர்ப்பவன். ஜெட் கிடையாது, போர் விமானம் கிடையாது. ஆளையும் அரிசி மூட்டையையும் ஒரே மாதிரி குலுக்கிக்கொண்டு போன அந்தக் காலத்துப் போக்குவரத்து விமானங்கள் மட்டும். இத்தனைக்கும் நான் விமானத்தில் ஏறியதே இல்லை. பயம்!

என் மனைவி கோதைக்கு இதில் ஒரே கேள்விதான். "அந்தப் பெருமாளே ஒரு கருடனோட நிறுத்திக்கிட்டாரு. ஒங்களுக்கு எதுக்குங்க இம்புட்டு?"

ஆண்டாள் ஊர்க்காரியிடம் இதற்கு என்ன பதில் சொல்வது?

ஆல்பங்கள் இருப்பது அவளுடைய சேலை அலமாரியின் மேல்தட்டில். பல வருடச் சண்டைக்குப் பிறகு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். என்னிடம் இல்லாத விமானம் டகோட்டா ஒன்றுதான். அதற்காக ஆல்பத்தின் முதல் பக்கத்தையே காலியாக வைத்திருக்கிறேன். 'டகோட்டா கிடைத்ததும்' மேல்தட்டு அவளுக்கு. ஆடிப்பூரத்துக்குள் கிடைக்காவிட்டால், மொத்த விமானப் படையும் பழைய பேப்பர் கடைக்கு.

பதறிப்போய் எனக்குத் தெரிந்த எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டேன்: 'டகோட்டா தேவை. எந்த நிலையில் இருந்தாலும் பரவாயில்லை. நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.'

ஒரு சொல் குறைகிறது, கவனித்தீர்களா? நான் கவனிக்கவில்லை.

மறுநாளே ராஜபாளையத்திலிருந்து போன். ராஜு என்று ஒருவர். "சார், எங்ககிட்ட டகோட்டா இருக்குங்க. எங்க நாயனா, அதான் அப்பா, காலத்துது."

ஆல்பத்தின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். "முன்பக்கம் எப்படி இருக்கு?"

"லேசா மடங்கியிருக்கு."

"ஓரமெல்லாம்?"

"கொஞ்சம் அரிச்சிருக்கு. ஒரு தடவை மழையில நனைஞ்சிருச்சு. பொறவு மூடி வச்சுட்டோம்."

பூச்சி அரித்திருக்கும், பாவம். புரொப்பல்லர் என்றால் புரியாதோ என்று, "ஃபேன் தெரியுதா?" என்றேன்.

"ஒண்ணு இருக்குங்க. சுத்தாது."

படத்தில் எப்படிச் சுற்றும்? நல்ல நகைச்சுவையாளர் என்று சிரித்துக்கொண்டேன். "பின்பக்கம் ஏதும் எழுதியிருக்கா?"

"ஆமா சார், நாயனா கைப்பட எழுதினது. 'நெருங்கி வராதே'ன்னு."

அடடா! யாருக்கு எழுதி, அனுப்பாமலே வைத்திருந்தாரோ? என்ன காதலோ, என்ன முறிவோ!

"வரும்போது கயிறு கொண்டு வாங்க" என்றார்.

"பார்சலுக்கா? சணல் போதுமா?"

"நைலான்தான் சார் தாங்கும்."

ஒரு போஸ்ட்கார்டுக்கு இவ்வளவு அக்கறை! நானே பிளாஸ்டிக் கவரோடு விட்டுவிடுவேன். "உள்ளங்கை அகலம்தான், இடத்தையே அடைக்காது" என்று கோதையிடம் சொல்லிவிட்டுக் கயிறோடு பஸ் ஏறினேன்.

ராஜு வீட்டு வாசலில் நின்றது ஒரு வேன். ஒரு காலத்தில் பஞ்சு மூட்டை ஏற்றிய வேன். அதன் நிறம் என்ன என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. டிரைவர் தலைக்கு மேல் ஒரு குட்டி ஃபேன். பின்னால், பெயின்டில், நாயனாவின் கையெழுத்து.

தெலுங்கு பேசும் அவர்கள் வீட்டில், லொடலொட வண்டி எதுவானாலும் அதற்குப் பெயர் டகோட்டாவாம்! உலகமெல்லாம் பறந்த விமானம் அது. விமானம் தரையிறங்கலாம், பெயர் தரையிறங்கினால் இப்படித்தான் ஆகும்.

ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம் வைத்துக்கொண்டு கடைசிவரை ஒத்துப்போய்ப் பேசலாம் என்று அன்றுதான் தெரிந்தது. பல கல்யாணங்கள் இப்படித்தான் நிச்சயமாகின்றன போலும்.

கல்யாணம் என்றதும்தான் ஞாபகம் வருகிறது... அந்த வீட்டிலும் கல்யாணம். பெண்ணுக்கு. வேன் போனால்தான் வாசலில் பந்தல். பந்தல்காரர்கள் மூங்கிலோடு காத்திருந்தார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, வேனுக்கு மாலையும் போட்டாகிவிட்டது. இழுத்துப் போக சேத்தூரிலிருந்து ராஜுவின் மைத்துனருடைய டிராக்டரும் தயார்.

"ரண்டி ரண்டி அண்ணய்யா!" என்று வரவேற்ற ராஜுவின் மனைவி, "அம்மய்யா! இன்னைக்குத்தான் எங்க வாசலையே பார்க்கப் போறோம்" என்று கண் கலங்கினார்.

மாலை போட்ட பிறகு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? என் கல்யாணத்திலேயே எனக்கு அது வரவில்லை.

டிராக்டர் இழுக்க, ஸ்டியரிங்கில் நான். என் வாழ்க்கையின் முதல் டகோட்டா பயணம். பயம் மட்டும் அசல் விமானத்துக்கு உரியதுதான். பின்னால் வந்த பஸ்காரர் நாயனாவின் பேச்சைத் தட்டாமல் எட்டியே வந்தார். பக்கத்தில் பைக்கில் வந்தவர், "அண்ணாச்சி, இது எங்க போகுது?" என்று கேட்டார்.

ஆல்பத்துக்கு என்று சொல்ல முடியுமா?

எங்கள் வீட்டு வாசலில் கோதை. வேனை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பின்னால் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தாள்.

"உள்ளங்கை அகலம்னு சொன்னீய. யாரு உள்ளங்கை?"

நான் விளக்கத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை. "டகோட்டா வந்தாச்சுல்ல? அம்புட்டுத்தான். தட்டைக் காலி பண்ணுங்க."

ஒப்பந்தத்திலும் போஸ்ட்கார்டு என்ற சொல் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்போது மேல்தட்டில் சேலைகள். என் விமானங்கள் எல்லாம் வாசலில், வேனுக்குள், தார்ப்பாய்க்கு அடியில். முதல் பக்கம் இன்னும் காலி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைப் பார்த்தால் அழுகை வருகிறது.

நேற்று மறுபடி ஒரு போன், வத்திராயிருப்பிலிருந்து. "சார், டகோட்டா கேட்டியளாமே? ஒண்ணு இருக்கு, பளபளன்னு..."

நான் வாய் திறப்பதற்குள் கோதை போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கயிறு வேணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."