கண்டம் ஆன காரிலிருந்து ஒரு ஹெட்

இனி ஓட லாயக்கில்லை என்று கண்டம் செய்யப்பட்ட அரசு வாகனத்திலிருந்து, அது ஏலத்தில் போகும்வரை, மேலிட அனுமதியின்றி எந்தப் பாகத்தையும் கழற்றக் கூடாது. விதி அவ்வளவுதான். கோட்டாட்சியர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தபோது இதை மேற்கோள் காட்டி நானே பிறரிடம் விளக்கம் கேட்டிருக்கிறேன்.

அந்தத் தை மாதம் அலுவலகத்தில் இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று ஓடியது. மற்றொன்று கண்டம் ஆகி, பல அடைமழைகளைப் புளியமரத்தடியில் நின்றபடியே பார்த்துவிட்டது. ஓடிய காரின் இன்ஜினுக்கு மூடிபோல இருக்கும் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழுந்தது. ரேடியேட்டர் தண்ணீரை இன்ஜின் குடித்து வெள்ளைப் புகையாகக் கக்கியது. புது ஹெட் சென்னையிலிருந்து வர வேண்டும். வரும் வேகம் எங்களுக்குத் தெரியும்.

அவசரம் எங்களுக்கல்ல, ஒரு குத்தகைக்காரருக்கு. அவருடைய குத்தகை வாய்மொழியாக நடந்தது. மிராசுதாரின் காரியஸ்தர் திடீரென்று, "இவன் கூலியாள், குத்தகைக்காரன் இல்லை" என்று சொல்லிவிட்டார். விளைந்து நிற்கும் சம்பாவை யார் அறுக்கிறாரோ அவருக்கே அனுபோகம் என்று வழக்கு முடிந்துவிடும். கோட்டாட்சியர் தன் முன்னிலையில் குத்தகைக்காரரே அறுக்க வேண்டுமென்று உத்தரவிட்டு, நாளும் குறித்திருந்தார். அவர் போகாவிட்டால் காரியஸ்தர் வெளியூர் ஆட்களை வயலில் இறக்கிவிடுவார்.

குத்தகைக்காரர் தினமும் வந்து காரைப் பார்த்துவிட்டுப் போனார். ஐயா பஸ்ஸில் வந்துவிடுவார் என்று ஆறுதல் சொன்னேன்.

"போன வருஷம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சைக்கிள்ல வந்தாங்க. மிராசுதார் வீட்டுல மோர் குடுத்து, டயருக்குக் காத்தும் அடிச்சு அனுப்பிட்டாங்க" என்றார் அவர். "கார் வந்தாத்தாங்க எங்க பக்கம் சர்க்கார் வந்ததாக் கணக்கு."

மரத்தடிக் காரின் ஹெட்டை எடுத்துப் பொருத்த அனுமதி கேட்டு எழுதினேன். நினைவூட்டலும் அனுப்பினேன். பதிலில்லை. குறித்த நாளுக்கு முந்தைய காலையில் கோட்டாட்சியர் 'அனுமதியை எதிர்நோக்கி' என்று கோப்பில் எழுதிக் கையெழுத்திட்டார். நம் நிர்வாகத்தில் இதைவிடப் பயனுள்ள தொடரை நான் கண்டதில்லை.

கூத்தாநல்லூரிலிருந்து பட்டறை பாய் வந்தார். ஹெட்டைத் தூக்க வேண்டுமானால் அதன் பக்கவாட்டில் முடுக்கியிருக்கும் புகை மேனிபோல்டைப் பிரிக்க வேண்டும். அதற்கும் முன்னால், மேனிபோல்டிலிருந்து கீழே இறங்கும் சைலன்சர் குழாயைக் கழற்ற வேண்டும். மரத்தடிக் காரில் நட்டுகள் துருவேறியிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்ததில் மனமிரங்கின. குழாயைக் கழற்றும் வேலை அங்கே இல்லை. சைலன்சரோடு அது எப்போதோ போயிருந்தது. இருப்புப் பதிவேட்டில் மட்டும் நல்ல நிலையில் இருந்தது.

ஓடிய கார்தான் படுத்தியது. வாய்க்கால் கரைச் சேறு இறுகி, குழாயைப் பிடித்திருந்த கிளாம்பு துருவோடு ஒன்றாகிவிட்டது. பாய் பொறுமையிழந்து உளி வைத்து அடித்தார். கிளாம்பு உடைந்தது. கூடவே குழாயின் வாயும் உடைந்தது.

"என்ன பாய் இது?"

"ஹெட்டுக்கு ஒண்ணுமில்ல சார். வண்டி ஜம்முனு ஓடும். கொஞ்சம் சத்தமாப் பேசும், அவ்வளவுதான்."

"எவ்வளவு சத்தமா?"

"மாநாட்டுல பேசுற மாதிரி."

குழாயைப் பற்றவைக்க நேரமில்லை. மறுநாள் காலை கோட்டாட்சியர் முன்னாலும், நானும் இரண்டு போலீஸ்காரர்களும் பின்னாலுமாகக் கிளம்பினோம். பாய் மிகைப்படுத்தவில்லை. காருக்குள் ஒருவர் பேசியது மற்றவருக்குக் கேட்கவில்லை.

ஊருக்கு வெளியே மதகடியில் பாதையை மறித்து ஒரு கூட்டம் நின்றது. கையில் அரிவாள், முன்னால் செங்கொடி. போரடிக்க டிராக்டர் கொண்டுவரப் போவதாக மிராசுதார்கள் அந்த ஆண்டு முழுவதும் மிரட்டிக்கொண்டிருந்தார்கள். டிராக்டர் வந்தால் கூலி போய்விடும். எங்கள் சத்தத்தைக் கேட்டவர்கள் டிராக்டரே வந்துவிட்டதென்று ஓடிவந்திருந்தார்கள்.

"டிராக்டரு எங்கய்யா?" என்று ஒரு பெண் டிரைவரைக் கேட்டாள்.

"இந்தக் கார்தாம்மா."

"இத்துனூண்டு காருக்கா இம்மாந் தொண்டை? சர்க்காரு ஒரு சைலன்சர் வாங்கி மாட்டப்படாதா?"

அதற்கும் ஒரு நடைமுறை இருந்தது.

அப்போது குத்தகைக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "எல்லாரும் இங்க வந்துட்டா வயல்ல யாருய்யா நிக்கிறது?"

அப்புறம்தான் புரிந்தது. அவர்கள் அவருக்காக அறுக்க வந்த ஆட்கள். அவருக்குத் துணையாகப் புறப்பட்ட கார், துணைக்கு நின்றவர்களை வயலிலிருந்து கிளப்பிவிட்டிருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காரியஸ்தரின் வெளியூர் ஆட்கள் பாதையோரமாக ஒரு பட்டை அறுத்துப் போட்டிருந்தார்கள். காரியஸ்தர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாக வந்தார். "அறுப்பு ஆரம்பிச்சாச்சுங்க. எங்க பயிரு, எங்க ஆளுங்க. ஐயாவுக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

கோட்டாட்சியர் என்னைப் பார்த்தார். உத்தரவில் குத்தகைக்காரர் அறுக்க வேண்டும் என்றிருந்தது. அவருக்கு முன்பே ஒருவர் அறுத்துவிட்டால் என்ன செய்வது என்று இல்லை. குத்தகைக்காரர் வரப்பில் நின்றபடி வயலின் மறுகோடியைக் காட்டினார்.

"சனி மூலை அப்படியே நிக்குதுங்க."

நிலத்தை அனுபவிப்பவர் சனி மூலை என்கிற வடகிழக்கு மூலையில் முதல் பிடி அறுத்த பிறகே மற்றவர் அரிவாள் இறங்கும். அந்த ஊரில் இது மாமூல் வழக்கம். மதகடிக்கு ஓடியவர்கள் திரும்புவதற்குள் முடித்துவிடும் அவசரத்தில் காரியஸ்தர் கைக்கெட்டிய இடத்தில் தொடங்கிவிட்டார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருடைய ஆட்களில் மூத்தவர் முந்திக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேங்க" என்றார்.

கோட்டாட்சியர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: பாதையோரம் நடந்தது பயிர்ச் சேதம், மாமூல்படி அறுவடை இனிமேல்தான் தொடங்குகிறது. குத்தகைக்காரர் வடகிழக்கு மூலைக்கு நடந்துபோய், குனிந்து, முதல் பிடியை அறுத்தார். பிறகு அந்தக் கூட்டம் முழுவதும் வயலில் இறங்கியது.

வைகாசியில் குத்தகைப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறியது. தண்ணீர் வந்ததும் அதே வயலின் ஓரத்தில் சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டார். கண்டம் ஆன காரிலிருந்து ஹெட்டைக் கழற்ற அனுமதிக்க இயலாது என்ற பதில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது, ஆடிப்பெருக்குக்கு மறுநாள்.