பதினைந்து கிலோவுக்கு மேல் நகராத வண்டி

அந்த இணையப் பக்கத்தை எழுதியவர் யாரென்று தெரிந்தால் நேரில் போய்க் கேட்டுவிடுவேன். ரோபோ மென்பொருளை ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி என்று விளக்கும் பக்கம் அது. அதில் "மிக எளிது" என்று ஏழு இடத்தில் எழுதியிருக்கிறார். எண்ணித்தான் சொல்கிறேன். முப்பத்திரண்டு வருடம் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவன் நான். ஒவ்வொரு ஷெட்டின் கதவிலும் இத்தனை ஆள், இத்தனை கிலோ வெடிமருந்து என்று பெயிண்டில் எழுதியிருக்கும். கதவைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் தலைகளை எண்ணியாக வேண்டும். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்றபின்னும் போகவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் வரிசையை எண்ணிவிட்டுத்தான் இலையில் கை வைக்கிறேன்.

இப்போது தாயில்பட்டிப் பக்கம் ஓர் ஆலையில் என் மகன் போர்மேன். தீபாவளி ஆர்டர் சேரச் சேர, பதினைந்து கிலோ என்று எழுதிய ஷெட்டில் முப்பது கிலோ மருந்தை வைக்கச் சொல்கிறார் அவனுடைய முதலாளி. தீப்பிடித்தால் முதலில் சாகிறவர்கள் உள்ளே இருக்கும் நான்கு பேர். முதலில் கைதாகிறவன் போர்மேன். முதலாளி அந்த நேரத்தில் எந்த ஊரில் இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. மகன் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான்.

"நீ சொல்ல வேண்டியதுதானலே?" என்று கேட்டேன்.

"சொல்லாமலா இருக்கேன்? 'தம்பி, உங்கப்பா காலத்துப் பயம் உங்களுக்கு எதுக்கு'ங்காரு. சிரிச்சிக்கிட்டேதான் சொல்லுதாரு."

எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. ஆனால் அந்த முதலாளிக்கு இன்னொரு குணமும் உண்டு. மனிதன் சொன்னால் கேட்க மாட்டார், இயந்திரம் என்றால் வாயைப் பிளப்பார். வெளிநாட்டு ஆலையில் ஆள் இல்லாமல் ஓடும் வண்டி ஒன்றைச் செல்போனில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார். நான் போய், அதே மாதிரி ஒரு வண்டி செய்து தருகிறேன், இப்போது ஓர் ஆள் தள்ளுவண்டியில் தள்ளும் மருந்தை, கலக்கும் ஷெட்டிலிருந்து நிரப்பும் ஷெட்டின் வாசல்கோடு வரை அது கொண்டுபோகும், அடியில் எடைத்தட்டு இருக்கும் என்றேன். "செய்யுங்க அண்ணாச்சி, ஒரு ஆளு மிச்சம்" என்றார். எடைத்தட்டு என்ற சொல் அவர் காதில் விழவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வண்டியின் சட்டத்தைச் சிவகாசியில் ஒரு வெல்டிங் பட்டறை இரண்டே நாளில் கொடுத்துவிட்டது. வதைத்தது அந்தக் கம்ப்யூட்டர்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை அட்டை, அதில் நாற்பது ஊசி. விரல்நகம் அளவு மெமரி கார்டில் முதலில் இயங்குதளத்தை எழுத வேண்டும், அதன்மேல் ரோபோ மென்பொருளை ஏற்ற வேண்டும். புதியது நல்லது என்று நம்பி, இருப்பதிலேயே புதிய பதிப்பை எழுதினேன். மென்பொருளைக் கேட்டால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று பதில் வந்தது. ரோபோ மென்பொருள் முந்தைய பதிப்புக்குத்தான் பொருந்துமாம். அதைப் பக்கத்தின் கடைசியில், எறும்பு போன்ற எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஷெட்டில் எத்தனை பேர் உட்காரலாம் என்பதைக் கதவின் அடியில் பொடி எழுத்தில் நான் எழுதியிருந்தால் என்னைச் சும்மா விட்டிருப்பார்களா?

கார்டை அழித்து மறுபடி எழுதினேன். முந்நூற்றுச் சொச்சம் மென்பொருள் பொட்டலங்கள் இணையத்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழுந்தது. பழைய செல்போன் சார்ஜரில் மாட்டியிருந்தேன், அதன் மின்சாரம் போதவில்லை. கார்டு கெட்டது. புது சார்ஜர், புது கார்டு. அடுத்தது, எடைத்தட்டுக்கான நிரலை அந்த அட்டையிலேயே இயங்கும் வடிவத்துக்குக் கட்டி எடுக்க வேண்டும். அது ஒரே நேரத்தில் நான்கு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு, நினைவகம் போதாமல் அப்படியே உறைந்து நின்றது.

"அம்புட்டு நேரமா அந்தச் சில்லையே பாத்துக்கிட்டு இருக்கீகளே, அது என்ன உங்களப் பாத்துச் சிரிக்குதா?" என்றாள் என் மனைவி.

சிரித்தது போலத்தான் இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய் என்று அதற்குச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. அதை எழுதியிருந்தது அந்த "மிக எளிது" மகான் அல்ல. பக்கத்தின் கீழே, என்னைப் போலவே திட்டித் தீர்த்த யாரோ ஒருவர் எழுதிவிட்டுப் போயிருந்தார். அவர் நன்றாக இருக்கட்டும்.

ஓட ஆரம்பித்ததும் ஒன்றை ஒப்புக்கொண்டேன். அந்த மென்பொருளின் அமைப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. உள்ளே பல சிறு நிரல்கள். ஒன்று எடையைப் பார்த்து ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். இன்னொன்று அதைக் கேட்டுச் சக்கரத்தை ஓட்டும். எடை பதினைந்தைத் தாண்டினால் சக்கரம் நகராது. சொல்கிறவன் வாயை அடைத்தாலும் நகராது. போர்மேன் சொல்லும் எண்ணைக் கேட்காமல் எதுவும் ஓடாத ஓர் ஆலையை நான் அந்தப் பச்சை அட்டையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை. கேட்டுக்கு உள்ளே செல்போனும் பேட்டரியும் போகக்கூடாது என்பதால் வெளியே, ஆபீசுக்கு முன்னால் இருந்த வெட்ட வெளியில் வைத்துக்கொண்டோம். அனுமதி வாங்கும் வரை மருந்துக்குப் பதில் மணல். ஐந்து கிலோ மூட்டைகள். மூன்றை ஏற்றினான் மகன். வண்டி போய், வாசல்கோடு என்று நாங்கள் தரையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டில் நின்றது. முதலாளி கை தட்டினார். வண்டி திரும்பி வந்ததும், "இன்னும் மூணு போடுங்க" என்றார். போட்டான். வண்டி அசையவில்லை.

"என்ன அண்ணாச்சி, மக்கர் பண்ணுது?"

"மக்கர் இல்ல முதலாளி. பதினஞ்சுக்கு மேல போகாது."

"மோட்டாருக்குத் தெம்பு இல்லையா?"

"மோட்டாரு அம்பது கிலோ இழுக்கும். இழுக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். உங்க ஷெட்டுக் கதவுல இருக்க நம்பர்தான்."

அதே சிரிப்பைச் சிரித்தார். "கதவுல எழுதுனது ஆபீசர் வந்தா பாக்குறதுக்கு. வண்டி என்ன படிக்கவா போகுது? அத அம்பதுன்னு மாத்துங்க. நீங்க வேண்டாம், உங்களுக்குக் கண்ணு தெரியாது. தம்பி, நீங்க மாத்துங்க."

மகன் வண்டியோடு இணைத்திருந்த லேப்டாப்பைத் திறந்தான். எனக்கு முதலாளி மேல் வந்த கோபத்தைவிட இவன் மேல் வந்த கோபம் பெரிது. சோறு இறங்காமல் எழுந்து போனவன் இவன்தானே? இவனுக்காகத்தானே அந்த அட்டைக்கு ஒரு கார்டைத் தின்னக் கொடுத்தேன்? "ஏலே, தொடாத" என்று கத்த வாயெடுத்தேன்.

அவன் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மூடி வைத்தான். வண்டியிடம் போய் மூன்று மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கித் தரையில் வைத்தான். மூன்றாவது இறங்கியதும் வண்டி தானாகக் கிளம்பிக் கோட்டுக்குப் போனது.

"இம்புட்டுதான் போகும் முதலாளி," என்றான். "நாளையிலேர்ந்து தள்ளுவண்டிலயும் இம்புட்டுதான் போகும். கூடப் போகணும்னா வேற போர்மேனப் பாத்துக்கிடுங்க."

"அப்பனும் மகனும் பேசி வச்சிக்கிட்டு வந்திருக்கீக" என்றார் முதலாளி, என்னைப் பார்த்து. பேசி வைத்திருந்தால் நான் ஏன் கத்த வாயெடுத்தேன்?

அவனை அவர் வேலையை விட்டு நிறுத்தவில்லை. சீசன் நேரத்தில் சான்றிதழ் உள்ள போர்மேன் எங்கே கிடைப்பான்? வண்டியைத்தான் திருப்பி அனுப்பிவிட்டார். அதோடு விட்டாரா? முப்பது கிலோ இழுக்கத் தெம்பில்லாத வண்டி என்று ஊரெல்லாம் சொல்கிறார். விருதுநகரில் ஒரு கல்யாண வீட்டில், முகம் தெரியாத ஒருவர் வந்து, "உங்க ரோபோ படுத்துருச்சாமே?" என்று துக்கம் விசாரித்தார். படுக்கவில்லை ஐயா. அது நின்றது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று அவரிடம் சொல்லிப் புரியவைப்பதற்குள் பந்தி எழுந்துவிட்டது.

வண்டி இப்போது எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை ஏற்றிப் பார்த்துவிட்டு, "அந்த நம்பரக் கொஞ்சம் மாத்துங்களேன், இது என்ன மருந்தா?" என்கிறாள் மனைவி. பிரித்து இரண்டு நடையாகக் கொண்டுபோகச் சொன்னேன்.

மகன் வேலைவிட்டு வந்ததும், செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டுவிடுகிறேன்.

"எத்தனலே?"

"பதினஞ்சுதாம்ப்பா. வழிய விடுங்க, பசிக்குது."