ஐஸ்கிரீம் டப்பாவில் வந்த கதைகள்

பக்கத்து வீட்டில் இருப்பவர் ஒரு எழுத்தாளர் என்று தெரியாமல் இரண்டு வருடம் அவருடைய குப்பைத்தொட்டியைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவர் அயர்லாந்துப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தனிக்கட்டை. நானும் தனிக்கட்டைதான். சுரங்க ரயில் நிலையத்தில் டிக்கெட் வாசலில் நின்றே காலம் தள்ளி ஓய்வுபெற்றவன்.

ஒருநாள் கத்தரிக்காய்க் குழம்பு அளவுக்கு மிஞ்சிவிட்டது. இரண்டு லீட்டர் ஐஸ்கிரீம் டப்பாவில் சோறும் குழம்பும் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐஸ்கிரீம் டப்பாவை யாரும் திருப்பித் தருவதில்லை. இவர் மறுநாளே கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நின்றார்.

"வெறும் பாத்திரம் குடுத்தால் என்ர அம்மா எழும்பி வந்து அடிப்பா. வீட்டில ஒண்டும் இல்லை. இதை வாசியும்."

திறந்தால், டைப்ரைட்டரில் அடித்து இரண்டாக மடித்த ஏழு தாள். அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்று நினைக்கிற மனுசி பேசுவது என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும், அப்படியே எழுதுகிறேன்.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. இங்கிருந்து குழம்பு போகும், அங்கிருந்து கதை வரும். கதைகள் எல்லாம் சின்னன். பத்தொன்பது வயதில் லண்டனுக்கு வந்தவர், முப்பது வருடம் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்திருக்கிறார். பஸ்ஸில் எழுதுவாராம், ஷிப்ட் தொடங்குமுன் முடிக்க வேண்டுமாம். முதல் புத்தகம் வரும்போது வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது. பிறகு இன்னும் மூன்று, எல்லாம் ஒல்லிப் புத்தகங்கள்.

"நாவல் எப்ப எழுதப் போறீங்கள்?" என்று நானும் எல்லோரையும்போலக் கேட்டுத் தொலைத்தேன்.

"நீர் எப்ப ரயில் ஓட்டப் போறீர்?" என்றார்.

கதைகளில் முடிவு எங்கே என்று நான் சண்டை பிடிப்பேன். அவர் சிரிப்பார். இந்த வயதில் என்னை வாசிக்க வைத்தவர் அவர்தான். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

போன வருடம் கோடையில், பின்வளவு வேலியருகே நின்று, யாருக்கும் சொல்லாத ஒன்றை அவருக்குச் சொன்னேன். இருபது வருடத்துக்கு முன் ஊரில் அம்மா செத்தபோது நான் போகவில்லை. கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன் நான். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன், கையில் இல்லை என்று அக்காவுக்குப் போனில் சொன்னேன். பாஸ்போர்ட் அலுமாரியில் துவாய்களுக்குக் கீழே இருந்தது. அம்மாவை அப்படிக் கிடத்தியிருப்பதைப் பார்க்கப் பயம். அவ்வளவுதான். பெரியப்பாவின் மகன் கொள்ளி வைத்தார்.

இரண்டு மாதம் கழித்து டப்பா வந்தது. உள்ளே ஒரு கதை. லண்டனில் இருக்கும் ஒரு பெண்ணின் அப்பா அயர்லாந்தில் இறந்துபோகிறார். புயல், கப்பல் ஓடவில்லை என்று வீட்டுக்குப் போன் பண்ணிவிட்டு, அவள் ஜன்னலருகே உட்கார்ந்து வெளியே மரத்தைப் பார்க்கிறாள். ஒரு இலைகூட அசையவில்லை. கடைசித் தாளில் பேனையால் எழுதியிருந்தார்: 'வேறு பிரதி இல்லை. வேண்டாமென்றால் கிழித்துவிடும்.'

எனக்கு இரத்தம் கொதித்தது. மூன்று கிழமை டப்பா என்னிடமே கிடந்தது. பின்வளவுப் பக்கமே நான் போகவில்லை. புதுப் புத்தகத்துக்கு அந்த ஒரு கதைதான் பாக்கி என்று எனக்குத் தெரியும். தெரிந்தே பேசாமல் இருந்தேன். கடைசியில் அவரே வந்து கதவைத் தட்டினார்.

"என்ர அம்மாவின்ர சாவு உங்களுக்குக் கதையோ?" என்று வாசலிலேயே பாய்ந்தேன்.

"அது உம்மட அம்மா இல்லை" என்றார். "என்ர அப்பா. புயல் எண்டு பொய் சொன்னது நான்தான். நாற்பது வருசமா எழுத ஏலாமல் கிடந்தது. நீர் வேலியில நிண்டு சொன்ன பிறகுதான் கை எழும்பினது."

"அப்ப ஏன் என்னட்டக் கேக்கிறீங்கள்?"

"பொய் என்ர. அதைச் சொல்லுற துணிவு உம்மட. அதுக்குத்தான் கேக்கிறன்."

அவர் போனபிறகு கதையை இன்னொரு முறை வாசித்தேன். அழுதேன். துணிவாம்! செத்தவளின் மகளுக்குச் சொல்லாமல் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னது என்ன துணிவு? யாழ்ப்பாணத்தில் அப்போது பின்னேரம். அக்காவுக்குப் போன் எடுத்து, பாஸ்போர்ட் எங்கே இருந்தது என்று சொன்னேன்.



"அண்டைக்குச் சரியான மழை, தம்பி" என்றா அக்கா. "விறகு பிடிக்கேல்லை. நீ வந்திருந்தாலும் நனைஞ்சுதான் போயிருப்பாய்." பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, அம்மா கடைசிக் கிழமை என்ன சாப்பிட்டா, யாரைக் கேட்டா என்று இருபது வருடமாகச் சொல்லாததையெல்லாம் சொன்னா. இரண்டு மணித்தியாலம் சொன்னா.

தாள்களை டப்பாவில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவர் மூடியைத் திறந்து பார்த்தார். கதை மட்டும்தான் இருந்தது.

"சாப்பாடு எங்க?"

"அக்காவோட கதைச்சுக்கொண்டிருந்திட்டன். சமைக்கேல்லை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கதவை அகலத் திறந்துவிட்டு, முட்டை பொரிக்க உள்ளே போனார்.